மழையில் கடிகாரத்தோடு ஒரு பந்தயம்

2024ஆம் ஆண்டு ஜூலை 27ஆம் தேதி பாரிஸ் ஒலிம்பிக்ஸில் நடந்த சைக்கிள் போட்டியைத் தொலைக்காட்சியில் பார்த்த நம் சங்க அன்பர்கள் சிலர், அடுத்த கூட்டத்தில் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "இப்படி மழை கொட்டுகிறதே, போட்டியைத் தள்ளி வைக்கக் கூடாதா? கிரிக்கெட்டில் நாலு தூறல் விழுந்தாலே தார்ப்பாயைப் போட்டு மூடிவிடுகிறார்களே!" நியாயமான கேள்விதான். சாலைச் சைக்கிள் பந்தயத்தைச் சாதாரண மழைக்கு நிறுத்தும் வழக்கம் இல்லை. மழையும் காற்றும் பாதையின் ஒரு பகுதி என்றே அந்த விளையாட்டு கருதுகிறது. ஆனால் மழையில் அந்தப் பந்தயத்தின் குணமே மாறிவிடுகிறது. அது எப்படி என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

அன்று நடந்தது டைம் டிரையல் என்னும் வகை. எல்லோரும் கூட்டமாகக் கிளம்பும் பந்தயம் அல்ல இது. ஒருவர் புறப்பட்டு ஒரு நிமிடமோ ஒன்றரை நிமிடமோ கழிந்த பிறகுதான் அடுத்தவர் புறப்படுவார். முன்னால் போகிறவரின் முதுகுக்குப் பின்னே ஒதுங்கிக் காற்றிலிருந்து தப்பிக்க அனுமதி கிடையாது. குறித்த தூரத்தை யார் குறைந்த நேரத்தில் கடக்கிறாரோ அவருக்குப் பரிசு. பிரெஞ்சுக்காரர்கள் இதைக் கடிகாரத்துக்கு எதிரான பந்தயம் என்றே அழைக்கிறார்கள். 2010ஆம் ஆண்டு தில்லி காமன்வெல்த் விளையாட்டின்போது நொய்டா விரைவுச் சாலையில் ஸ்காட்லாந்தின் டேவிட் மில்லர் 40 கிலோமீட்டர் ஓட்டித் தங்கம் வென்றதும் இந்த வகையில்தான். தில்லி அன்பர்கள் சிலருக்கு நினைவிருக்கலாம்.

பாரிஸில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரே பாதை, 32.4 கிலோமீட்டர். பெண்களில் ஆஸ்திரேலியாவின் கிரேஸ் பிரவுன் 39 நிமிடம் 38 விநாடியில் முடித்துத் தங்கம் வாங்கினார். இரண்டாம் இடம் பிரிட்டனின் அன்னா ஹெண்டர்சன். ஒன்றரை நிமிடம் பின்தங்கியிருந்தார். மூன்றாவது வந்தவர் அமெரிக்காவின் குளோயி டைகர்ட். 2019லும் 2023லும் இதே வகையில் உலகப் பட்டம் பெற்றவர். அவர் ஈரச் சாலையில் ஒரு திருப்பத்தில் சறுக்கி விழுந்து, எழுந்து மறுபடி ஓட்டினார். வெள்ளிக்கும் அவருக்கும் இருந்த இடைவெளி ஒரு விநாடிக்கும் குறைவு. அந்த ஒரு விழுதல் எவ்வளவு விநாடிகளைத் தின்றிருக்கும் என்று வாசகர்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம். வளைவில் சைக்கிளைப் பிடித்து வைத்திருப்பது டயருக்கும் சாலைக்கும் உள்ள உராய்வு ஒன்றுதான். 20 மீட்டர் ஆரமுள்ள ஒரு திருப்பம் என்று வைத்துக்கொள்வோம். உலர்ந்த சாலையில் உராய்வு எண் 0.8 என்றால், அங்கே மணிக்கு 45 கிலோமீட்டர் வரை போகலாம். மழையில் அது பாதியாக, 0.4 ஆகக் குறைந்தால் வேகமும் பாதியாகிவிடும் என்று பயப்பட வேண்டாம். எல்லை வேகம் உராய்வின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. ஆகவே அது 32 ஆகக் குறையும், அவ்வளவுதான். பிரேக் பிடித்து மீண்டும் வேகமெடுப்பதையும் சேர்த்தால் ஒரு திருப்பத்துக்கு இரண்டு மூன்று விநாடி நஷ்டம். பத்துத் திருப்பம் இருந்தால் அரை நிமிடம் வரை போகும். விழுந்து எழுந்தாலோ ஒரே திருப்பத்தில் அந்த அரை நிமிடம் போய்விடும். சில சமயம் அன்றைய பந்தயமே போய்விடும். 2017ஆம் ஆண்டு டூர் டி பிரான்ஸின் முதல் நாள், ஜெர்மனியின் டுசல்டார்ஃப் நகரில் 14 கிலோமீட்டர் டைம் டிரையல். மழை பெய்த அன்று ஸ்பெயினின் வால்வெர்டே விழுந்து முழங்கால் சில்லு உடைந்து, மூன்று வாரப் பந்தயத்தை முதல் நாளிலேயே முடித்துக்கொண்டார். (மனிதர் அடுத்த ஆண்டே உலகச் சாம்பியன் ஆனார் என்பது வேறு கதை.)

ஆக, மழை நாளில் பலசாலி என்பது மட்டும் போதாது. எந்த இடத்தில் விநாடிகளை விட்டுக்கொடுப்பது, எந்த இடத்தில் விடாமல் மிதிப்பது என்று தீர்மானிக்கத் தெரிந்திருக்க வேண்டும். கூட்டப் பந்தயத்தில் முன்னால் போகிறவன் சறுக்குவதைப் பார்த்து நாம் ஜாக்கிரதையாகலாம். இங்கே முன்னால் யாரும் இல்லை.

சாலை முழுவதும் ஒரே மாதிரி வழுக்குவதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். நான் நவி மும்பையில் நெரூலில் குடியிருக்கிறேன். இருபது ஆண்டுகளாக பாம் பீச் ரோட்டில் விடியற்காலையில் ஓட்டுகிறேன். ஜூன் மாதம் முதல் மழை விழும் நாளில் மும்பையில் எத்தனை மோட்டார் சைக்கிள்கள் சறுக்குகின்றன என்று இங்கே இருக்கிற எல்லோருக்கும் தெரியும். மாதக்கணக்கில் சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் முதல் மழையில் குழம்பாகிவிடுகின்றன. நாலு நல்ல மழை அடித்துக் கழுவிய பிறகு அதே சாலை எவ்வளவோ தேவலை. பஸ் நிற்கும் இடத்தில் சிந்திய டீசல், சாலையில் அடித்த வெள்ளைப் பெயின்ட், சாக்கடை மூடியின் இரும்பு, பேவர் பிளாக் கற்கள், இவையெல்லாம் ஈரத்தில் தார்ச் சாலையைவிட அதிகம் வழுக்கும். நேராகப் போகும்போது இவற்றின் மேல் ஏறினால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. வண்டியைச் சாய்த்திருக்கும்போது ஏறினால்தான் ஆபத்து.

இதைப் பற்றிப் பேசும்போது இரண்டு தவறான எண்ணங்களை அடிக்கடி கேட்கிறேன். ஒன்று, மழைக்குக் கார் டயர் போலப் பட்டை வெட்டிய டயர் வேண்டும் என்பது. கார் டயர் அகலமானது, காற்றழுத்தம் குறைவு. தண்ணீர்ப் படலத்தின் மேல் மிதந்துவிடும். பந்தய சைக்கிளின் டயர் ஒடுக்கமானது, அழுத்தம் மிக அதிகம். அது மிதக்க வேண்டுமானால் மணிக்கு 150 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும்! பட்டையைவிட, காற்றைச் சற்றுக் குறைத்துச் சாலையோடு டயர் நன்றாகப் படியும்படி செய்வதுதான் பயன் தரும். இன்னொன்று, ஈரக் காற்று கனமானது என்பது. உண்மை நேர்மாறு. நீராவி மூலக்கூறு நைட்ரஜனையும் ஆக்சிஜனையும்விட இலேசானது. அதனால் ஒரே வெப்பநிலையில் ஈரக் காற்றுதான் இலேசு. மழை நாளில் நேரம் கூடுவதற்குக் குளிர்ச்சி ஒரு காரணம். வெப்பம் பத்து டிகிரி குறைந்தால் காற்று சுமார் மூன்றரை சதவீதம் அடர்ந்துவிடும். வேகமாகப் போகும் சைக்கிள்காரரின் உழைப்பில் பெரும்பகுதி காற்றைக் கிழிக்கவே செலவாகிறது. எனவே இது சின்ன விஷயம் அல்ல.

அடுத்தது எதிர்க்காற்று. "போகும்போது எதிர்த்தால் வரும்போது தள்ளிவிடும், கணக்கு சரியாகிவிடும்" என்பார்கள். ஆகாது. 20 கிலோமீட்டர் போய்த் திரும்புகிறோம், காற்றில்லாத நாளில் வேகம் 40, மொத்தம் ஒரு மணி நேரம். காற்றால் போகும்போது 33, வரும்போது 47 என்று வைத்துக்கொண்டாலும் 62 நிமிடம் ஆகிறது. மெதுவான பாதியில் அதிக நேரம் இருக்கிறோம் அல்லவா? ஆகவே எதிர்க்காற்றில் சற்றுக் கூடுதலாக உழைத்து, பின்காற்றில் கொஞ்சம் மூச்சு வாங்குவதே புத்திசாலித்தனம். பக்கவாட்டுக் காற்று வேறு விதமான தொல்லை. ஆரக் கம்பிகளே இல்லாமல் தட்டு போல மூடிய பின்சக்கரம் வேகத்துக்கு நல்லது. முன்சக்கரமும் பருத்த விளிம்போடு இருந்தால் கடற்காற்று ஹேண்டில்பாரையே திருப்பப் பார்க்கும். மழைக்காலத்தில் நான் முன்னால் சாதாரணச் சக்கரம்தான் போடுகிறேன்.

அதிர்ஷ்டத்துக்கும் இதில் இடம் உண்டு. 1995ஆம் ஆண்டு டூர் டி பிரான்ஸ் பிரான்ஸின் சான் பிரியோ நகரில் 7.3 கிலோமீட்டர் டைம் டிரையலோடு மாலை வேளையில் தொடங்கியது. சீக்கிரமே புறப்பட்ட பிரெஞ்சுக்காரர் ஜாக்கி துராந் உலர்ந்த சாலையில் ஓட்டிவிட்டார். பிறகு மழை பிடித்துக்கொண்டது. முந்தைய ஆண்டு இதே தொடக்கப் போட்டியை மணிக்கு 55 கிலோமீட்டர் வேகத்தில் வென்றிருந்த இங்கிலாந்தின் கிறிஸ் போர்ட்மன், கொட்டும் மழையில் முழு வேகத்தில் இறங்கி வந்தபோது விழுந்து கணுக்கால் எலும்பை முறித்துக்கொண்டார். வெற்றி துராந்துக்கு. போர்ட்மன் அன்று நிதானமாக ஓட்டியிருந்தால் தோற்றிருப்பார், ஆனால் மறுநாளும் ஓட்டியிருப்பார். வெல்வதற்கென்றே வந்தவரிடம் இதைச் சொல்வது சுலபமா?

இந்தக் கேள்வி என் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகள், செப்டம்பரில் ஒரு ஜூனியர் டைம் டிரையலுக்குப் பெயர் கொடுத்திருந்தாள். 10 கிலோமீட்டர், நடுவில் ஒரு யூ-டர்ன். முதல் நாள் இரவெல்லாம் மழை. "ஏங்க, விழுந்து கையை உடைச்சுக்கிட்டு வந்தா பரீட்சைய யாரு எழுதறது?" என்றாள் என் மனைவி. நான் பதில் சொல்லவில்லை. மூவரும் உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். டைம் டிரையல் சைக்கிளில் கைகளை முன்னால் நீட்டிப் படுத்தாற்போல ஓட்டுவார்கள்; அந்த நிலையில் பிரேக் கைக்கு எட்டாது. ஆகவே யூ-டர்னுக்கு வெகு முன்பே எழுந்து பிரேக்கின் மேல் விரல் வைத்துவிட வேண்டும். விளிம்பைப் பிடிக்கும் பழைய வகைப் பிரேக் என்பதால், முதல் சில சுற்றுகள் தண்ணீரைத் துடைக்கவே போய்விடும். அதையும் கணக்கில் கொள்ள வேண்டும். தேங்கிய தண்ணீருக்குள் எக்காரணம் கொண்டும் விடக் கூடாது. அடியில் பள்ளமா, திறந்த சாக்கடையா என்று தெரியாது. இடி இடித்தாலோ சாலை கண்ணுக்குத் தெரியாவிட்டாலோ இறங்கிவிடலாம். வீட்டில் யாரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டோம்.

பதினான்கு பெண்களில் ஆறாவதாக வந்தாள். உலர்ந்த நாளில் 17 நிமிடத்தில் முடிப்பவளுக்கு அன்று 18 நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. அவளைவிட வேகமான ஒரு பெண் யூ-டர்னில் விழுந்து இடுப்பைச் சிராய்த்துக்கொண்டும் நான்காவதாக வந்துவிட்டாள். "அப்பா, திருப்பத்துல இன்னும் கொஞ்சம் விட்டுருக்கலாம்பா" என்று வீடு வரும்வரை புலம்பிக்கொண்டு வந்தாள். அவள் சொன்னது சரியா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அவள் அம்மாவுக்கு இதில் சந்தேகமே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை, செயினைத் துணியால் துடைத்து எண்ணெய் விடுவது. மும்பை ஈரத்தில் ஒரே இரவில் துருப் பிடித்துவிடும். பிரேக் கட்டைகளில் ஒட்டிய மணலையும் எடுத்துவிட வேண்டும். சங்கக் குடும்பங்களில் ஓட்டப் பிரியமுள்ள பிள்ளைகள், பெண் பிள்ளைகள் உட்பட, ஞாயிறு காலை வண்டி நடமாட்டம் கூடுவதற்கு முன் எங்களோடு வரலாம். ஹெல்மெட் இல்லாமல் வருகிறவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவேன். சாலையில் தண்ணீர் தேங்கிய நாட்களில் நாங்களே போவதில்லை.