பஞ்சப் பாதைக்கு ஒரு நாலடிப் பலகை

1906 ஜனவரியில் மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு ஒரு சின்ன ரயில் ஓடத் தொடங்கியது. அதன் தண்டவாளங்களுக்கு நடுவே இடைவெளி வெறும் இரண்டரை அடி. அதே மொரப்பூரில், 1861-லேயே சேலம் வந்து சேர்ந்துவிட்ட மெட்ராஸ் ரயில்வேயின் ஐந்தரை அடி அகலப் பாதையில் பெரிய ரயில்கள் போய்வந்துகொண்டிருந்தன. தர்மபுரி ரயிலுக்குச் சில மாதம் முன்பு, 1905-ல், திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கும் அதே இரண்டரை அடி அளவில் ஒரு குறுகிய பாதை வந்துவிட்டது. தர்மபுரிப் பாதை 1913-ல் ஓசூர் வரை நீண்டது. அவ்வளவுதான் அவற்றின் ஆயுள். கிருஷ்ணகிரி ரயில் 1936-ல் நின்றது. ஓசூர் ரயில் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், 1941-ல் நின்றது. தண்டவாளங்களைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள்.

இவை இரண்டும் பஞ்ச நிவாரணப் பாதைகள். 1876-78 தாது வருஷப் பஞ்சம் பழைய சேலம் ஜில்லாவை உலுக்கி எடுத்தது. 1871 கணக்கெடுப்பில் ஜில்லாவின் ஜனத்தொகை 19 லட்சத்து 66 ஆயிரத்துச் சொச்சம். பத்து வருஷம் கழித்து அது 16 லட்சத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. அடுத்த பஞ்சம் வந்தால் தானியம் உள்ளூர் வரை போய்ச் சேர வேண்டும், அதற்கு ரயில் வேண்டும் என்று பஞ்சக் கமிஷன் சொன்னது. செலவு குறைய வேண்டும் என்பதற்காக அகலத்தைக் குறைத்தார்கள். இத்தனை சாவுக்குப் பிறகு போட்ட பாதை என்பதாலேயே அது எனக்கு முக்கியமாகப் படுகிறது. அந்தப் பாதையைச் சின்ன அளவில், துண்டு துண்டாக, மறுபடி கட்ட வேண்டும். பொம்மை ரயில் ஓட்டுகிற ஆசையில் இதைச் சொல்லவில்லை. சரித்திரப் புத்தகம் கேட்காத கேள்விகளை மாடல் கேட்கும். அதற்காகத்தான் சொல்கிறேன்.

என்ன கேள்விகள்? புத்தகத்தில் 'மொரப்பூரில் சரக்கு மாற்றி ஏற்றப்பட்டது' என்று ஒரு வரி எழுதினால் போதும். பலகையில் அதைச் செய்ய உட்கார்ந்தால், பெரிய வண்டி நிற்கிற பக்கம் எது, சின்ன வண்டி நிற்கிற பக்கம் எது, நடுவில் மேடை எத்தனை அடி அகலம், கூரை ஓடா தகரமா, புளியமரம் எங்கே, கிணறு எங்கே, இன்ஜினுக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று எல்லாவற்றுக்கும் பதில் வேண்டும். பதில் கிடைக்காத இடத்தில் வெறும் பலகை தெரியும். கையும் தேடலும் ஒன்றாகப் போகிற வேலை இது.

இந்த வேலைக்கு உலகமெங்கும் கைகொடுத்த ஒரு வழி உண்டு. அதுதான் மாட்யூல் முறை. முழு ரயில் அமைப்பையும் ஒரே ஆள் ஒரே அறையில் கட்டுவதில்லை. ஆளுக்கு ஒரு பலகை. பலகையின் நடுவில் எந்த ஊரை வேண்டுமானாலும் செய்யலாம். ஆனால் இரண்டு முனைகளும் எல்லோருக்கும் ஒரே அளவு: தரையிலிருந்து உயரம், தண்டவாளம் வந்து முடிகிற இடம், மின்சார இணைப்பு, இறுக்குகிற போல்ட்டின் துளை. அமெரிக்காவில் 1970-களில் என்-டிராக் என்ற முறை வந்தது. இரண்டடி அகலம், நாலடி நீளம், தரையிலிருந்து 40 அங்குல உயரம், முன்பக்கம் மூன்று பாதைகள். ஜெர்மனியில் 1981-ல் தொடங்கிய ஃப்ரெமோ என்ற அமைப்பு இன்னொரு வழியில் போனது. அவர்களுக்கு ஒற்றைக் கிளைப்பாதை முக்கியம். நிஜ ரயில்வே போலவே டைம்டேபிள் போட்டு, சரக்குச் சீட்டு எழுதி, வேகமாக ஓடுகிற கடிகாரத்தை வைத்துக்கொண்டு வண்டிகளை நடத்துவார்கள். வெவ்வேறு ஊர்க்காரர்கள் பலகைகளைக் கொண்டுவந்து ஒரு மண்டபத்தில் பூட்டினால் ஒரு முழுக் கிளைப்பாதை எழுந்து நிற்கும். சாயங்காலம் கழற்றி வேனில் ஏற்றிவிடலாம்.

நம் பஞ்சப் பாதைக்கு ஃப்ரெமோ வழிதான் பொருந்தும் என்பது என் எண்ணம். அதுவும் ஒற்றைப் பாதை. ஸ்டேஷன்கள் சின்னவை, வண்டிகள் குட்டை.

அளவுக் கணக்கு இன்னும் ருசியானது. உலகத்தில் அதிகம் புழங்குகிற மாடல் அளவு எச்.ஓ.; நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு. இந்தக் கணக்கில் ஐந்தரையடி ஆள் இரண்டு சென்டிமீட்டரைக்கூட எட்டமாட்டார். நம் அகலப் பாதையின் 1,676 மில்லிமீட்டரை 87-ஆல் வகுத்தால் 19.26 வரும். ஆனால் கடையில் கிடைக்கும் எச்.ஓ. தண்டவாளத்தின் இடைவெளி 16.5 மில்லிமீட்டர். அது ஐரோப்பாவின் 1,435 மில்லிமீட்டர் பாதைக்காக வந்தது. அதனால்தான் இந்திய ரயில் மாடல்களில் பெட்டி அகலமாகவும் அடியில் சக்கரம் ஒடுங்கியும் தெரிகிறது. தர்மபுரிப் பாதைக்கு இந்தத் தொல்லை இல்லை. இரண்டரை அடி என்றால் 762 மில்லிமீட்டர். 87-ஆல் வகுத்தால் 8.76. 'என்' (N) என்ற சிறிய மாடல் அளவுக்கு உலகமெங்கும் விற்கிற தண்டவாளம் 9 மில்லிமீட்டர். வித்தியாசம் கால் மில்லிமீட்டர், கண்ணுக்கே தெரியாது. 'என்' அளவு இன்ஜினின் சக்கரத் தொகுதியை வாங்கி, அதன்மேல் எச்.ஓ. அளவில் நாமே உடல் கட்டிவிட்டால் குறுகிய பாதை இன்ஜின் தயார். பெரிய பாதை மாடல் செய்கிறவர்களுக்கு இல்லாத இந்த வசதி, காசில்லாமல் குறுக்கிப் போட்ட நம் பாதைக்கு வாய்த்திருக்கிறது.

நீளம்தான் கஷ்டம். மொரப்பூர்–தர்மபுரி ஏறக்குறைய 30 கிலோமீட்டர். 87-ல் ஒரு பங்காக்கினாலும் 345 மீட்டர் வரும். நாலடிப் பலகையில் அடுக்கினால் 280 பலகைக்கு மேல் வேண்டும். ஒரு பலகை நிஜத்தில் 106 மீட்டர் நிலத்தைத்தான் தாங்கும். ஆகவே தேர்ந்தெடுக்க வேண்டும். எதை விடலாம், எதை விடக்கூடாது என்று முடிவெடுப்பதில்தான் செய்கிறவருடைய அறிவு வெளிப்படும்.

நான் இருக்கும் மேட்டூரையே எடுத்துக்கொள்ளுங்கள். சேலத்திலிருந்து ஓமலூர் வழியாக இங்கே வருகிற கிளைப்பாதை அணையோடு சேர்ந்து வந்தது. 1925-ல் அணை வேலை தொடங்கி 1934 ஆகஸ்டில் திறப்பு விழா நடந்தது. இன்று அந்தப் பாதையின் உயிர் அனல்மின் நிலையத்துக்கு வரும் நிலக்கரி. ஒரு நிலக்கரி வண்டியில் 58 வேகன் இருக்கும். ஒவ்வொன்றும் 10.7 மீட்டர். இன்ஜினைச் சேர்க்காமலே 620 மீட்டர். எச்.ஓ. அளவில் ஏழு மீட்டருக்கு மேல் வரும். ஒரு வீட்டுக் கூடத்தில் திரும்பவே முடியாது. இருபது வேகனோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான். அப்புறம், மேட்டூர் பலகை என்றால் பண்ணவாடியில் தண்ணீர் வற்றும்போது தலைகாட்டுகிற நந்தியையும் இரட்டைக் கோபுர மாதா கோயிலையும் வைக்க எல்லோருக்கும் ஆசை வரும். வைக்கக்கூடாது. அவை அணைக்கு மேலே, நீர்ப்பிடிப்புப் பகுதியில் இருக்கின்றன. ரயில் வந்து நிற்பது அணைக்குக் கீழே. ஸ்டேஷனில் நிற்கிறவர் கண்ணுக்குத் தெரியாததைப் பலகையில் வைத்தால் அது அழகான பொய். சீதாமலை, பாலமலைக் கரடுகளின் நிறத்தைச் சரியாகக் கொண்டுவந்தாலே ஊர் அடையாளம் தெரிந்துவிடும்.

மேட்டூர்ப் பாதை உயிரோடு இருக்கிறது; யார் வேண்டுமானாலும் அனுமதி வாங்கி டேப் பிடித்து அளக்கலாம். தர்மபுரிப் பாதைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவசரமும் அங்கேதான்.

மாடல் ரயிலுக்கு நம் நாட்டில் முன்மாதிரி இல்லாமல் இல்லை. புனேயின் கோத்ருட் பகுதியில் ஜோஷி மினியேச்சர் ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. 1998-ல் திறந்தது. ஒரு முழுக் குட்டி நகரம், நடுவில் பலவகை ரயில்கள். பார்த்துக்கொண்டே நிற்கலாம். ஆனால் அது கற்பனை நகரம். நிஜப் பாதையைச் செய்ய வேண்டுமென்றால் தமிழ்நாட்டில் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது நீலகிரி ரயில்தான்: 46 கிலோமீட்டர், 16 சுரங்கம், 250 பாலம், 2005-லிருந்து யுனெஸ்கோ பட்டியலில். அங்கே செங்குத்தான இடத்தில் சுமார் பன்னிரண்டு அடி போனால் ஓரடி ஏற்றம். 120 சென்டிமீட்டர் பலகையில் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் கிட்டத்தட்ட பத்து சென்டிமீட்டர் உயர வித்தியாசம் வரும். பலகை முனைகள் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும் என்ற அடிப்படை விதியே அங்கே உடைந்துவிடும். அதோடு நீலகிரி ரயிலை நினைவில் வைத்துக்கொள்ள ஆள் இருக்கிறார்கள். பாட்டு உண்டு, சினிமா உண்டு. பஞ்சப் பாதைக்கு என்ன உண்டு?

செய்முறைக்கு வெளிநாட்டுச் சாமான் அதிகம் வேண்டியதில்லை. கொலுவுக்குப் பார்க் அமைத்துப் பழகிய வீடுகளுக்கு இதில் பாதி தெரியும்: மணல் கொட்டி, கேழ்வரகு முளைக்கவிட்டுப் புல்லாக்கி, சாவி கொடுக்கிற ரயிலை வளைய ஓடவிட்ட கை இன்னும் மறந்திருக்காது. மாட்யூலுக்கு 9 மில்லிமீட்டர் பிளைவுட், அடியில் ரீப்பர் சட்டம். மேலே தெர்மாகோல் அடுக்கி, கத்தியால் மேடு பள்ளம் சீவி, பிளாஸ்டர் பூச வேண்டும். மண்ணுக்கு அந்தந்த ஊர் மண்ணையே எடுத்து வெயிலில் காயவைத்து, துணியில் சலித்துக்கொள்ளலாம். கடைப் பவுடரில் அந்தச் செம்மண் நிறம் வரவே வராது. ஜல்லிக்குச் சலித்த கருங்கல் பொடி. தண்டவாளத்தின் நடுவே அதைத் தூவி, சின்ன பிரஷ்ஷால் ஸ்லீப்பர் கட்டைகளின் தலை தெரியும்வரை ஒதுக்க வேண்டும். பிறகு ஃபெவிக்காலில் தண்ணீர் கலந்து, அதில் பாத்திரம் கழுவுகிற சோப்புத் திரவம் ஒரு சொட்டு விட்டு, இங்க் ஃபில்லரால் ஓரத்திலிருந்து சொட்டுச் சொட்டாக விடுவது வழக்கம். அந்த ஒரு சொட்டு இல்லாவிட்டால் பசை பொடிமேல் முத்து முத்தாக உருண்டு நிற்கும், உள்ளே இறங்காது. மறுநாள் காலை தண்டவாளத்தின் மேல்முகத்தைத் துடைத்துவிட வேண்டும். 12 வோல்ட் மின்சாரம் அந்தத் தண்டவாளம் வழியாகத்தான் இன்ஜினுக்குப் போகிறது. பசைப் படலம் இருந்தால் வண்டி திணறும்.

எந்தெந்த ஊர்? என்னைக் கேட்டால் முதல் பலகை மொரப்பூர்தான். இரண்டு பாதைகளும் அருகருகே வருகிற இடம் அது. 16.5 மில்லிமீட்டர் தண்டவாளம் ஒருபுறம், 9 மில்லிமீட்டர் மறுபுறம். பெரிய வண்டியில் வந்த மூட்டை ஒவ்வொன்றும் ஆள் தோளில் ஏறித்தான் சின்ன வண்டிக்குப் போக வேண்டும். பாதையின் பலவீனமும் இங்கேதான் இருந்தது. ஒரு முறை இறக்கி ஏற்றும் கூலியும் நேரமும் வியாபாரிக்குச் சுமை. 1930-களில் லாரியும் பஸ்ஸும் வாசலுக்கே வரத் தொடங்கியபோது குறுகிய பாதைகளால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. இதைப் பத்து பக்கம் எழுதலாம். பலகையில் இரண்டு வண்டியும் ஒரு மேடையும் முப்பது மூட்டையும் வைத்துவிட்டால் பள்ளிப் பிள்ளைக்கு ஒரே பார்வையில் புரியும்.

பிறகு தர்மபுரி. அப்புறம் பாலக்கோடு, ராயக்கோட்டை, கடைசியில் ஓசூர். தர்மபுரி கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 அடி உயரத்தில் இருக்கிறது. ஓசூர் சுமார் 3,000 அடி. பாதை ஏற ஏற நிலம் மாறுவதைப் பலகைக்குப் பலகை காட்டலாம்: கேழ்வரகுக் கொல்லை, புளியமரச் சாலை, ராயக்கோட்டையில் மலைமேல் கோட்டை. இந்த ஊர்கள் பலவற்றில் இன்று ரயில் ஓடுகிறது. 1960-களில் சேலம்–பெங்களூரு மீட்டர் கேஜ் வந்து, பிறகு அகலப் பாதையாக மாறியது. அதனால் பழைய ஸ்டேஷன் எது, புதியது எது என்று பிரித்தறிவதில் கவனம் வேண்டும். இப்போதைய கட்டடத்தைப் பார்த்து 1913-ஐச் செய்துவிடக் கூடாது.

அந்தந்த ஊர்ப் பலகையை அந்தந்த ஊர்ப் பள்ளிக்கூடம் செய்ய வேண்டும். பாலக்கோட்டுப் பலகையை மேட்டூரில் உட்கார்ந்து நான் செய்தால் அது என் கற்பனையாகிவிடும். முனை அளவுகளை மட்டும் முதலில் ஒரு தாளில் எழுதி எல்லோருக்கும் கொடுத்துவிட்டால் போதும்: பலகை அகலம் இரண்டடி, உயரம் 40 அங்குலம், பாதை நடுமையத்தில், போல்ட் துளை இரண்டு. மற்றதெல்லாம் ஊர்க்காரர் கையில்.

ஆதாரம் தேடுவதையும் இன்றே தொடங்கலாம். சர்வே ஆஃப் இந்தியாவின் பழைய ஒரு அங்குல வரைபடங்களில் பாதைகள் கோடாக இருக்கும். 1918-ல் வெளியான ரிச்சர்ட்ஸின் சேலம் ஜில்லா கெசட்டியரைப் புரட்ட வேண்டும். ஊரில், காரணமில்லாமல் வயலுக்கு நடுவே நேராகப் போகிற கரைகளைப் பார்க்க வேண்டும். ஓடை வறண்டுபோன இடத்தில் கருங்கல் மதகு தனியாக நின்றால் அதைப் படம் எடுத்து, அகலத்தை அளந்து வைக்க வேண்டும். தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் பழைய டிக்கெட்டோ ரயில்வே சம்பளச் சீட்டோ கிடக்கலாம்.

இன்னொன்றும் உண்டு. நம் பக்கத்துப் பள்ளிக்கூடங்கள் பலவற்றில் மணிக்குப் பதில் ஒரு தண்டவாளத் துண்டுதான் தொங்குகிறது. இன்றைய பிரதானப் பாதைத் தண்டவாளம் மீட்டருக்கு 52 அல்லது 60 கிலோ. இரண்டரை அடிப் பாதைகளுக்குப் பொதுவாகப் போட்டது அதில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. மொரப்பூரிலிருந்து ஓசூர் வரை, திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரி வரை, வழியிலுள்ள பள்ளிகளின் ஆசிரியர்கள் அந்தத் துண்டை இறக்கி, நீளத்தையும் எடையையும் குறித்து, பக்கவாட்டில் எழுத்து ஏதாவது புடைத்திருக்கிறதா என்று துருவைத் துடைத்துப் பார்க்கட்டும். தயாரித்த கம்பெனியின் பெயரும் வருஷமும் தண்டவாளத்தின் இடுப்பில் புடைப்பெழுத்தாக இருப்பது வழக்கம்.