தொலைபேசி எண்ணைத் தொகையாக நினைத்தால்...

இண்டேன் சிலிண்டர் பதிவுக்கு 2020 நவம்பர் 1 முதல் நாடு முழுவதும் ஒரே எண்: 77189 55555. மும்பையை ஒட்டிய டோம்பிவிலியிலிருந்து கூப்பிட்டாலும் மும்பைக்குள் இருக்கும் செம்பூரிலிருந்து கூப்பிட்டாலும் பேசுவது பதிவுக்குரல்தான். ஏஜென்சியில் பதிந்த கைபேசியிலிருந்து அழைத்தால், அந்த எண்ணை வைத்தே இணைப்பு யாருடையது என்று அந்தத் தானியங்கி அமைப்பு கண்டுகொள்கிறது.

இப்படிப்பட்ட தானியங்கி அழைப்புகளுக்குப் பின்னால் ஒரு ஸ்கிரிப்ட் உண்டு. வாசகம் எல்லோருக்கும் ஒன்றே. பெயர், தேதி, தொலைபேசி எண் மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். மாறும் இந்த இடங்களை நிரலாளர்கள் ‘மாறி’ என்கிறார்கள். அதிகம் சறுக்குவது தொலைபேசி எண்ணில்தான்.

எங்கே சறுக்குகிறது?

டோம்பிவிலியில் ஒரு பில்டிங் சொசைட்டி, தண்ணீர் வராத நாளை முன்கூட்டியே குரல் அழைப்பில் சொல்ல நினைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். செயலாளர் எக்செல்லில் எண்களைத் திரட்டுகிறார். ஒருவர் ஊர்க் குறியீடான 0251 சேர்த்து லேண்ட்லைன் எண் தருகிறார். மும்பை மாட்டுங்காவில் இருக்கும் மகன் வீட்டு 022 எண்ணைத் தருகிறார் இன்னொருவர். வேறொருவர் +91 போட்டு எழுதுகிறார்.

எக்செல் இந்த எண்களைத் தொகையாக எடுத்துக்கொண்டால் முன்னால் இருக்கும் பூஜ்யம் போய்விடும். 0251 வெறும் 251 ஆகும். இன்னொரு சிக்கல், பழைய நிரல்கள் பல பயன்படுத்தும் 32 பிட் முழு எண். அதில் சுமார் 214 கோடி வரைதான் கொள்ளும். டெல்லி லேண்ட்லைன் 11-இல் தொடங்குவதால், பத்து இலக்கமும் சேர்ந்து 120 கோடியைத் தாண்டாது. அப்படிப்பட்ட எண்ணை வைத்துச் சோதித்தால் எல்லாம் சரியாகவே தெரியும். டோம்பிவிலி எண் 251 கோடிக்கு மேல். கைபேசி எண்களோ 600 கோடியில்தான் தொடங்குகின்றன. இவை எதுவும் அதில் அடங்காது.

எனவே முதல் விதி: தொலைபேசி எண்ணைக் கூட்டப் போவதுமில்லை, பெருக்கப் போவதுமில்லை, அதை எழுத்துச் சரமாகவே சேமிக்க வேண்டும்.

91 எல்லாம் இந்தியாவா?

நாட்டுக் குறியீட்டை நீக்க, முன்னால் 91 இருந்தால் வெட்டு என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் 91-இலேயே தொடங்கும் பத்து இலக்கக் கைபேசி எண்கள் ஏராளம். மொத்தம் 12 இலக்கம் இருந்தால் மட்டுமே வெட்டலாம். பத்து இலக்கம் இல்லாததெல்லாம் தவறு என்றும் ஒதுக்க முடியாது. சிங்கப்பூரில் இருக்கும் பிள்ளையின் எண், 65-க்குப் பின் 8 இலக்கம்தான். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் இ.164 தரம் நாட்டுக் குறியீட்டையும் சேர்த்து 15 இலக்கம் வரை அனுமதிக்கிறது.

ஆகவே, கூட்டல் குறி, நாட்டுக் குறியீடு, எண் என்று ஒரே வடிவில் சேமிப்பது நல்லது. 2021 ஜனவரி 15 முதல் இந்தியாவில் லேண்ட்லைனிலிருந்து கைபேசியை அழைக்க முன்னால் 0 போட வேண்டும். அந்தப் பூஜ்யத்தை டயல் செய்யும் நேரத்தில் சேர்த்தால் போதும். பட்டியலுக்குள் கொண்டுவர வேண்டாம்.

வாய்விட்டுச் சொல்லும்போது

மேலே சொன்ன இண்டேன் எண்ணைத் தொகையாகப் படிக்கவிட்டால், “எழுநூற்று எழுபத்தொரு கோடியே எண்பத்தொன்பது லட்சத்து...” என்று இயந்திரம் இழுக்கும். கேட்பவர் கையில் பேனா இருந்தும் பயனில்லை. 1999-இல் பிறந்த அஸ்டெரிஸ்க் என்ற திறந்த மூலத் தொலைபேசி மென்பொருளில் இதற்கென்றே இரண்டு கட்டளைகள் உண்டு: ‘சே நம்பர்’ தொகையாகச் சொல்லும், ‘சே டிஜிட்ஸ்’ ஒவ்வோர் இலக்கமாகச் சொல்லும். தொலைபேசி எண்ணுக்கு இரண்டாவதுதான் வேண்டும். ஐந்து இலக்கத்துக்குப் பின் சிறு இடைவெளி விட்டால் எழுதிக்கொள்ள வசதி. கேட்பவரின் சொந்த எண்ணையே உறுதிப்படுத்தும்போது கடைசி நான்கு இலக்கம் போதும். பக்கத்தில் இருப்பவருக்கு முழு எண் தெரிய வேண்டியதில்லை.

அழைப்புகளை அனுப்பும் முன் ஐந்து எண்களைப் போட்டுப் பார்க்கலாம்: ஒரு 0251, ஒரு 022, 91-இல் தொடங்கும் கைபேசி எண், +91 உள்ள எண், ஒரு வெளிநாட்டு எண். ஐந்தும் சரியாகப் போய்ச் சேர்ந்து, சரியாக ஒலித்தால், பட்டியல் முழுவதையும் அந்த ஸ்கிரிப்ட்டிடம் தரலாம்.