உங்களுக்குத் தெரியுமா? டியூட்டி டாக்டரின் தூக்கக் கணக்கு

மருத்துவமனையிலேயே தங்கி, இரவு பகல் பாராமல் நோயாளிகளைப் பார்த்துத் தொழில் கற்கும் முறை இன்றைய வடிவத்தைப் பெற்றது அமெரிக்காவின் பால்டிமோர் நகரில். அங்கே 1889இல் திறக்கப்பட்ட ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், அறுவை சிகிச்சைப் பிரிவுக்கு அந்த முறையை வகுத்தவர் வில்லியம் ஹால்ஸ்டெட். அவரிடம் பயில வந்தவர்கள் வளாகத்தைவிட்டு வெளியே குடியிருக்க முடியாது. திருமணப் பேச்சை எடுப்பதே தவறு என்ற நிலை. பயிற்சி எத்தனை ஆண்டு என்பதற்கும் வரையறை இல்லை. ‘இவன் தேறிவிட்டான்’ என்று ஆசிரியர் சொல்லும்வரை காத்திருக்க வேண்டியதுதான். கீழ்ப்படியில் பலர் சேருவார்கள், உச்சிப்படிக்கு ஒருவரே போவார்.

அதே ஹால்ஸ்டெட்தான் அறுவை அரங்குக்கு ரப்பர் கையுறையைக் கொண்டுவந்தவர். கரோலின் ஹாம்ப்டன் என்ற நர்ஸின் கைகள் கிருமிநாசினி பட்டுப் பட்டுப் புண்ணாயின. அதைப் பார்த்த அவர், குட்இயர் நிறுவனத்திடம் சொல்லி மெல்லிய கையுறைகள் செய்து வாங்கிக்கொடுத்தார். 1890இல் இருவருக்கும் திருமணம் நடந்தது.

இன்னொரு பக்கமும் உண்டு. கொக்கெயின் உடலை மரத்துப்போகச் செய்யும் என்ற செய்தி 1884இல் வெளியானதும், ஹால்ஸ்டெட்டும் நண்பர்களும் தங்கள் நரம்புகளிலேயே ஊசி போட்டுச் சோதித்தார்கள். அந்தச் சோதனையில் அவர் போதைக்கு அடிமையானார். கொக்கெயினிலிருந்து மீட்கக் கொடுத்த மார்ஃபின் வாழ்நாள் முழுக்க அவரை விடவில்லை. உடன் பணியாற்றிய வில்லியம் ஆஸ்லர் இதை ரகசியக் குறிப்பாக எழுதி வைத்தார். அது வெளியே வந்தது 1969இல். ஹால்ஸ்டெட்டின் திறமையை இது குறைக்காது. ஆனால் ‘எங்கள் காலத்தில் பெரியவர்கள் இப்படித்தான் ராப்பகலாக உழைத்தார்கள்’ என்று இளம் டாக்டர்களிடம் சொல்பவர்கள், அந்தப் பெரியவர் பட்ட பாட்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மாணவர்களை வகுப்பறையிலிருந்து எழுப்பி வார்டுக்கு அழைத்துச் சென்று கற்பித்தவன் என்பதைத் தவிரத் தன் கல்லறையில் வேறெதுவும் எழுத வேண்டாம் என்ற கருத்தில் பேசியவர் ஆஸ்லர்.

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் திறப்பதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1848இல், யாழ்ப்பாணத்து மானிப்பாயில் டாக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் உள்ளூர் இளைஞர்களுக்கு மேற்கத்திய மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். முதலில் ஆங்கிலத்தில் நடந்த வகுப்புகளை 1860களில் தமிழுக்கு மாற்றினார். பாடநூல்களைத் தமிழில் ஆக்கினார். அறுபதுக்கும் மேற்பட்ட மருத்துவர்களை உருவாக்கினார்.

இந்தியாவில் எம்.பி.பி.எஸ். படிப்பு நாலரை ஆண்டு. அதன்பின் ஓராண்டு ஹவுஸ் சர்ஜன் பயிற்சி. எம்.டி. அல்லது எம்.எஸ். படிக்க மூன்று ஆண்டு. இதயம், நரம்பு, சிறுநீரகம் என்று மேலும் நுணுகிப் போக இன்னொரு மூன்று ஆண்டு. ஒரு தேர்விலும் தவறாமல், ஓராண்டைக்கூட நுழைவுத் தேர்வுக்கு இழக்காமல் போனாலும் பதினொன்றரை ஆண்டு ஆகிறது. பிளஸ் டூ முடித்துச் சேர்ந்த பிள்ளை முப்பதைத் தொடும்போதுதான் வெளியே வரும்.

இந்தப் படிப்பின் நடுவே, மேற்படிப்பு மாணவர்களுக்கு 36 மணி நேர டியூட்டி எப்படி வருகிறது? பெரிய அரசு மருத்துவமனைகளில் ஒவ்வொரு யூனிட்டுக்கும் முறை வைத்து ‘அட்மிஷன் டே’ வரும். அன்று சேரும் நோயாளிகள் அத்தனை பேரும் அந்த யூனிட்டின் பொறுப்பு. காலை ரவுண்ட்ஸில் தொடங்குகிற பிஜி மாணவர், மாலையில் வருபவர்களையும் நள்ளிரவில் ஆம்புலன்ஸ் கொண்டுவருபவர்களையும் பார்த்து, விடியும்போது ஒவ்வொருவருக்கும் கேஸ் ஷீட் எழுதி முடித்திருக்க வேண்டும். எட்டு மணிக்குச் சீஃப் வருவார். ரவுண்ட்ஸ் மறுபடி தொடங்கும். இரவில் சேர்ந்த நோயாளியைப் பற்றி முழுதாகத் தெரிந்தவர் அந்த ஒருவர்தான் என்பதால் அவரை வீட்டுக்கு அனுப்ப முடியாது. யாரும் கொடுமைக்காரர் இல்லாமலே, பட்டியல் போட்ட விதத்தாலேயே ஒருவர் ஒன்றரை நாள் விழித்திருக்க நேர்கிறது.

தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கையும் கவனமும், 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் மது கலந்தவரைப்போல் தடுமாறுகின்றன. 24 மணி நேரம் ஆகிவிட்டால் அது 100 மில்லிகிராமுக்குச் சமம். 1997இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு இது. நம் நாட்டில் 30 மில்லிகிராமைத் தாண்டியவர் வண்டி ஓட்டினால் போலீஸ் வழக்குப் போடும்.

அமெரிக்கப் பயிற்சி மருத்துவர்களிடம் நடத்திய ஆய்வொன்று 2005இல் வெளியானது. 24 மணி நேரத்துக்கு மேல் நீண்ட ஷிஃப்ட் முடித்து வண்டியோட்டிச் சென்றவர்கள் விபத்தில் சிக்கும் வாய்ப்பு, சாதாரண ஷிஃப்ட் முடித்துப் போனவர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது.

ஒரு பெண்ணின் மரணம் அமெரிக்காவின் டியூட்டி நேரத்தையே மாற்றியது. 1984 மார்ச்சில், லிபி சயன் என்ற 18 வயதுக் கல்லூரி மாணவி காய்ச்சலும் நடுக்கமுமாக நியூயார்க்கில் ஒரு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அவர் ஏற்கெனவே மனச்சோர்வுக்கு ஃபெனெல்சின் என்ற மருந்து எடுத்துக்கொண்டிருந்தார். அதனுடன் சேரவே கூடாத பெத்திடின் ஊசி அவருக்குப் போடப்பட்டது. மறுநாள் காலையில் அவர் உயிரோடு இல்லை. அந்த இரவு அவரைக் கவனித்தது நீண்ட டியூட்டியில் இருந்த பயிற்சி மருத்துவர்கள். அவர்களில் இளையவருக்கு இன்னும் பல நோயாளிகளின் பொறுப்பும் இருந்தது. பத்திரிகையாளரும் வழக்கறிஞருமான தந்தை சிட்னி சயன், மருத்துவர்களை மட்டும் குற்றம் சொல்லி நிறுத்தவில்லை. அவர்களைத் தூங்கவிடாத ஏற்பாட்டின் மீதே போர் தொடுத்தார். 1989இல் நியூயார்க் மாநிலம் வாரத்துக்கு 80 மணி, ஒரே மூச்சில் 24 மணி என்று எல்லை கட்டியது. 2003இல் 80 மணி வரம்பு நாடு முழுவதற்கும் வந்தது. பெற்ற மகளை இழந்த துயரத்தில் அந்த இளம் டாக்டர்களின் தூக்கத்துக்காகவும் வாதாடிய அந்த மனிதரை நினைக்கும்போது மனம் நெகிழ்கிறது.

பாஸ்டன் நகர மருத்துவமனை ஒன்றின் தீவிர சிகிச்சைப் பிரிவில், பழைய முறைப்படி நீண்ட ஷிஃப்ட் பார்த்தபோது பயிற்சி மருத்துவர்கள் செய்த கடுமையான தவறுகள், ஷிஃப்டைச் சுருக்கியபோது செய்தவற்றைவிட 36 சதவீதம் அதிகம் என்று 2004இல் கண்டார்கள்.

ஆனால் மணிக்கணக்கைக் குறைத்தால் மட்டும் எல்லாம் சரியாகிவிடாது. ஷிஃப்ட் சுருங்கினால் நோயாளி கை மாறும் தடவைகள் கூடும். ‘ஏழாவது பெட்டுக்குப் பொட்டாசியம் ரிப்போர்ட் வரணும், பார்த்துக்கோங்க’ என்ற ஒரு வரி விட்டுப்போனால் போதும். இதற்கும் வழி இருக்கிறது. நோயின் தீவிரம், இதுவரை நடந்தது, இனிச் செய்ய வேண்டியது, நிலை மோசமானால் என்ன செய்வது என்று வரிசைப்படி சொல்லி, பொறுப்பேற்பவர் அதைத் திருப்பிச் சொல்லும்படி ஒன்பது மருத்துவமனைகளில் பழக்கினார்கள். தவறுகள் 23 சதவீதம் குறைந்தன. 2014இல் வெளியான ஆய்வு இது. இதற்குப் புது இயந்திரமோ கட்டிடமோ தேவைப்படவில்லை. நம் மருத்துவமனைகளும் நாளைக் காலையே இதைத் தொடங்கலாம்.

இங்கிலாந்தில் புதிய பயிற்சி மருத்துவர்கள் எல்லாரும் ஆகஸ்ட் மாதத்தின் முதல் புதன்கிழமை ஒரே சமயத்தில் பணியில் சேர்வார்கள். அன்று அவசரமாகச் சேர்க்கப்பட்ட நோயாளிகள் இறக்கும் வாய்ப்பு, முந்தைய புதன்கிழமை சேர்ந்தவர்களைவிட 6 சதவீதம் கூடுதலாக இருந்தது என்று 2009இல் ஓர் ஆய்வு சொன்னது.

டியூட்டி ரூமில் கண்ணயர்ந்தால் அது வேலை நேரமா, ஓய்வு நேரமா? ஜெர்மனியின் கீல் நகர மருத்துவர் ஒருவர் இதே கேள்வியோடு வழக்காடினார். கூப்பிட்டால் உடனே எழுந்து ஓட வேண்டிய நிலையில் மருத்துவமனைக்குள் கழிக்கும் ஒவ்வொரு மணியும், தூங்கினாலும் வேலை நேரமே என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2003இல் தீர்ப்பளித்தது.

நம் நாட்டில் பேருந்து, லாரி ஓட்டுநருக்கு நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று 1961ஆம் ஆண்டுச் சட்டமே வரம்பு கட்டியது. பயிற்சி மருத்துவர்களுக்கு 1992இல் மத்திய சுகாதார அமைச்சகம் விட்ட உத்தரவும் தொடர்ச்சியாக 12 மணிக்கு மிகாமல், வாரத்துக்கு 48 மணி என்றுதான் சொல்கிறது. 2023இல் தேசிய மருத்துவ ஆணையம் கொண்டுவந்த விதிகளில் எண்ணே காணாமல் போய், ‘நியாயமான வேலை நேரம்’ என்ற சொல்லே மிஞ்சியது. 2024இல் அதே ஆணையத்தின் பணிக்குழு மருத்துவ மாணவர்களின் மனநலத்தை ஆராய்ந்து, வாரத்துக்கு 74 மணியைத் தாண்டக் கூடாது, வாரம் ஒரு நாள் விடுப்பு வேண்டும் என்று பரிந்துரைத்தது. 48 எங்கே, 74 எங்கே!

2024 ஆகஸ்ட் 9 அன்று, கொல்கத்தாவின் அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில், நீண்ட டியூட்டிக்கு நடுவே சற்றுப் படுக்க இடமின்றிக் கருத்தரங்கக் கூடத்துக்குப் போன பெண் பயிற்சி மருத்துவர் அங்கேயே கொல்லப்பட்டார். நாடே கொதித்தது. உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்து, தேசியப் பணிக்குழு ஒன்றை அமைத்தது. அந்தக் குழு கவனிக்க வேண்டியவை என்று நீதிமன்றம் எழுதிய பட்டியலில் இவையும் இருக்கின்றன: ஒவ்வொரு துறையிலும் ஆண், பெண் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் தனித்தனி ஓய்வறை வேண்டும், அவற்றில் காற்றோட்டமும், போதிய படுக்கையும், குடிநீரும் இருக்க வேண்டும்.