வயிற்றுக்குள் ஒரு குடித்தனக்காரன்

நம் சங்க அன்பர் ஒருவருக்கு எண்டோஸ்கோப்பி செய்ததில் இரைப்பையில் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி இருப்பது தெரிந்தது. டாக்டர் பதினான்கு நாள் மாத்திரை எழுதிக் கொடுத்தார். நண்பர் வாங்கவில்லை. “அந்தக் கிருமி இருந்தால் உணவுக்குழாயில் கேன்சர் வராதாமே! ஒழுங்காக வாடகை கொடுக்கிற குடித்தனக்காரனை ஏன் ஸார் காலி பண்ண வேண்டும்?” என்று என்னிடமே கேட்டார்.

கேள்வி வேடிக்கையாகப் பட்டாலும் அடியில் கொஞ்சம் உண்மை இருக்கிறது.

இக்கிருமியை 1982-இல் ஆய்வுக்கூடத்தில் வளர்த்துக் காட்டியவர்கள் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகர டாக்டர்கள் ராபின் வாரனும் பாரி மார்ஷலும். அல்சருக்குக் கவலையும் காரமும்தான் காரணம் என்று உலகம் நம்பிய காலம் அது. மார்ஷல் 1984-இல் கிருமிக் கரைசலைத் தாமே குடித்து, இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார். (வீட்டில் சொல்லிவிட்டா குடித்திருப்பார்?) 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இனி உணவுக்குழாய். அதன் அடியில் ஒருவழி வால்வு போல ஒரு தசை உண்டு. அது தளர்ந்தால் இரைப்பை அமிலம் மேலே ஏறும். வருடக்கணக்கில் இப்படி அரித்தால், குழாயின் உட்தோல் குடலின் உட்தோல் போல மாறிவிடுகிறது. 1950-இல் இதைப் பற்றி எழுதிய லண்டன் சர்ஜன் நார்மன் பாரெட்டின் பெயரால் இதை ‘பாரெட் உணவுக்குழாய்’ என்கிறார்கள். இது புற்றுநோய் அல்ல, அதற்கு முந்திய படி. பெரும்பாலோருக்கு அந்தப் படியோடு நின்றுவிடும்.

பாரெட் மாற்றம் உள்ளவர்களிடம் பைலோரி கிருமி குறைவாகவே காணப்படுகிறது என்பது பல ஆய்வுகளில் தெரிந்தது. நண்பர் பிடித்துக்கொண்டது இதைத்தான். ஆனால் கிருமி எப்படிக் காக்கிறது என்று பார்க்க வேண்டாமா? அது இரைப்பையின் கீழ்ப்பகுதியில் மட்டும் குடியேறினால் அமிலம் அதிகமாகச் சுரந்து, சிறுகுடல் முகப்பில் அல்சர் வரலாம். மேல்பகுதி முழுக்கப் பரவினால், அமிலம் சுரக்கும் சுரப்பிகளே நாளடைவில் கருகிப்போகும். அமிலம் குறைந்தால் மேலே ஏறி அரிப்பதும் குறையும். பாய்லரை ஓட்டை போட்டுவிட்டு, இனி பிரஷர் ஏறாது என்று நிம்மதியடைவது போன்ற பாதுகாப்பு இது! அப்படிச் சுரப்பிகள் கருகிய இரைப்பைதான் பிற்பாடு புற்றுநோய்க்கு இடம் கொடுக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1994-லேயே இக்கிருமியைப் புற்றுநோய்க் காரணி என்று அறிவித்துவிட்டது.

இன்னொன்று. நம் நாட்டில் உணவுக்குழாய்ப் புற்றுநோயில் பெரும்பகுதி பாரெட் வழியாக வருவதில்லை. அது வேறு ரகம். புகையிலை, பாக்கு, மது ஆகியவற்றோடு சம்பந்தப்பட்டது. நண்பர் சொல்லும் வாடகை அங்கே வருவதே இல்லை.

மாத்திரையைத் தொடங்கினால் பாதியில் நிறுத்தக்கூடாது. மிஞ்சிய கிருமி மருந்துக்கு அடங்காமல் போகலாம். கோர்ஸ் முடிந்து நாலு வாரமாவது கழித்து, கிருமி போய்விட்டதா என்று மறுபடி சோதிக்க வேண்டும். அதற்கு இரண்டு வாரம் முன்பே, டாக்டரைக் கேட்டுக்கொண்டு, அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை நிறுத்தியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று ரிசல்ட் வரக்கூடும்.

ஆண்டுக்கணக்கில் நெஞ்செரிச்சல் உள்ளவர்கள், அதிலும் ஐம்பது தாண்டிய, தொந்தி விழுந்த, புகைபிடிக்கும் ஆண்கள், உணவுக்குழாயையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. விழுங்கும்போது அடைத்தாலோ, காரணமின்றி எடை குறைந்தாலோ, மலம் கறுத்துப் போனாலோ, ஜெலுசில் குடித்துக்கொண்டு நாள் கடத்தாமல் உடனே டாக்டரிடம் போங்கள்.