மிஷினில் காட்டாத போதை

இரவில் பைபாஸில் போலீசார் வண்டியை ஓரங்கட்டச் சொன்னால், ஓட்டுநர் செய்ய வேண்டியது ஒன்றுதான்: கருவியில் ஊதுவது. அளவு எதுவும் வராவிட்டால் போகச் சொல்லிவிடுவார்கள். அந்தக் கருவி மதுவை மட்டுமே அளக்கும். கஞ்சா புகைத்தவரோ, வலி மாத்திரைகளை அளவுக்கு மீறி விழுங்கியவரோ ஊதினால் அதில் பூஜ்யம்தான் வரும். 'சரக்கு அடிச்சாத்தான் மாட்டுவோம், இது மிஷின்ல காட்டாது' என்று பையன்கள் துணிவதற்கு இடம் கொடுப்பது இந்தப் பூஜ்யம்.

சட்டம் அவர்களுக்கு அந்தச் சலுகையைத் தரவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவுக்கு இரண்டு கால்கள். 100 மில்லி லிட்டர் ரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம் என்பது ஒன்று. வண்டியைச் சரியாகக் கட்டுப்படுத்த முடியாத அளவுக்குப் போதைப்பொருளின் பிடியில் இருந்தாலும் குற்றம் என்பது மற்றது. தண்டனை இரண்டுக்கும் ஒன்றே: முதல் முறை 6 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும், மறுமுறை 2 ஆண்டு வரை சிறை அல்லது 15,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு, ஊதும் கருவியோடு ஆய்வகப் பரிசோதனையும் சட்டத்தின் வாசகத்திலேயே இடம்பெற்றுவிட்டது.

2025 மார்ச் 13 இரவு, குஜராத்தின் வதோதராவில் ஒரு சட்ட மாணவர் ஓட்டிய கார் வேகமாக வந்து இருசக்கர வாகனங்களில் மோதியதில் ஒரு பெண் இறந்தார். தான் குடித்திருக்கவில்லை என்று அந்த இளைஞர் பேட்டி கொடுத்தார். அவர் ரத்தத்தில் கஞ்சா இருந்ததைத் தடய அறிவியல் ஆய்வு உறுதிசெய்ததாகப் போலீசார் பிறகு தெரிவித்தார்கள். 'குடிக்கவில்லை' என்பதையே நிரபராதி என்பதற்கான சான்றாக நினைக்கும் மனம் அவர் ஒருவருடையது மட்டுமல்ல. நம் ஊரிலும் அதுதான் நிலைமை.

நம் ஊர் என்று நான் சொல்வது ராணிப்பேட்டையிலிருந்து மேல்விஷாரம், வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி வரை நீளும் தோல் தொழில் வட்டாரத்தை. அதன் முதுகெலும்பு சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை. ரசாயனமும் தோலும் ஏற்றிய லாரிகள், சென்னைத் துறைமுகத்துக்கு ஷூ கொண்டுபோகும் கன்டெய்னர்கள், பெண் தொழிலாளர்களைக் கிராமம் கிராமமாக அள்ளிவரும் கம்பெனி வேன்கள், ஷேர் ஆட்டோக்கள், ஷிப்ட் முடிந்து ஒரே பைக்கில் மூவராகத் திரும்பும் பையன்கள் எல்லாரும் இந்த ஒரே சாலையில்தான் ஓட வேண்டும். ஆந்திரா, ஒடிசா பக்கமிருந்து காட்பாடி வழியாக வரும் ரயில்களில் கஞ்சா பிடிபட்டதாக நாளிதழில் செய்தி வருவதும் இங்கே புதிதல்ல. 2022இல் தமிழ்நாட்டுச் சாலைகளில் 17,884 பேர் இறந்தார்கள் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. அந்த அறிக்கை மதுவையும் போதைப்பொருளையும் ஒரே தலைப்பில் போட்டுக் கணக்கு முடித்துவிடுகிறது. கஞ்சாவுக்கு எத்தனை உயிர், மாத்திரைக்கு எத்தனை உயிர் என்று அதில் பிரித்துப் பார்க்க வழியில்லை.

போதையில் வண்டியை எடுப்பவரைக் கெட்டவர் என்று முத்திரை குத்திவிட்டால் நம் வேலை முடிந்துவிடும், விபத்து முடியாது. அந்த நேரத்தில் அவர் மனத்துக்குள் நடப்பதைப் பார்க்க வேண்டும்.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தினர் வழக்கமாகக் கஞ்சா புகைக்கும் 191 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2022இல் வெளியானது. அவர்கள் புகைத்த பிறகு, சாலையைப் போலவே காட்டும் செயற்கைக் கருவியில் வண்டி ஓட்டவைத்தார்கள். அரை மணி நேரம் கழித்து 'இப்போது வண்டி எடுக்கலாமா?' என்று கேட்டபோது, போதையூட்டும் கஞ்சா கொடுக்கப்பட்டவர்களில் 22 சதவீதம் பேர்தான் 'எடுக்கலாம்' என்றார்கள். ஒன்றரை மணி நேரம் கழித்துக் கேட்டபோது 68 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் அப்படிச் சொன்னார்கள். ஆனால் ஒன்றரை மணி நேரத்திலும் அவர்களது ஓட்டும் திறன் தேறவே இல்லை. தைரியம் முதலில் திரும்பிவந்தது, திறமை வரவில்லை. இந்த இடைவெளியில்தான் விபத்து நடக்கிறது.

'நான் நிதானமாத்தான் இருக்கேன்' என்று போதையில் இருப்பவர் சொல்வது பெரும்பாலும் பொய்யல்ல. அவருக்கு உண்மையிலேயே அப்படித்தான் தோன்றுகிறது. தீர்ப்புச் சொல்ல வேண்டிய மூளைதான் மயங்கிக் கிடக்கிறது. ஆகவே, வண்டி எடுப்பதா வேண்டாமா என்ற முடிவை அந்த நிமிடத்தில் அவரிடமே விடுவதில் பொருளில்லை. முடிவை முன்கூட்டியே எடுத்திருக்க வேண்டும், அல்லது பக்கத்தில் இருப்பவர் சாவியை வாங்கிக்கொள்ள வேண்டும்.

போதை இல்லாதபோதும் நம்மைப் பற்றிய நம் மதிப்பீடு கொஞ்சம் கூடுதல்தான். 1981இல் வெளியான புகழ்பெற்ற ஆய்வொன்றில், அமெரிக்க ஓட்டுநர்களில் 93 சதவீதம் பேர் தாங்கள் சராசரிக்கு மேற்பட்ட திறமைசாலிகள் என்று சொல்லிக்கொண்டார்கள். ஆம்பூரில் கேட்டிருந்தால் 100 வந்திருக்கும். இருபது வயதில் பரபரப்பு தேடும் குணமும், விளைவை யோசிக்காமல் பாயும் அவசரமும் இதனோடு சேர்ந்துகொள்கின்றன. முதல் குணத்தை அளக்க மார்வின் ஜுக்கர்மன் என்ற உளவியலாளர் 1964இலேயே அளவுகோல் வகுத்துவிட்டார். அந்தக் குணம் மிகுந்தவர்களிடம் போதையில் ஓட்டும் பழக்கம் கூடுதலாக இருப்பதைப் பிறகு வந்த பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 'கஞ்சா அடிச்சா மெதுவாத்தான் ஓட்டுவேன், அது சேஃப்' என்ற நம்பிக்கையும் இந்த வயதில் பரவலானது. மெதுவாக ஓட்டுவது உண்மையாகவே இருக்கலாம். அதே நேரம் வண்டி கோட்டை விட்டு விலகும், குறுக்கே வந்த மாட்டைப் பார்த்துப் பிரேக்கை மிதிக்கத் தாமதமாகும். கஞ்சா புகைத்த உடனே ஓட்டுபவருக்கு விபத்து வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு என்று, பல ஆய்வுகளைத் தொகுத்து 2012இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் எழுதியது. கூடவே ஒரு குவார்ட்டரும் உள்ளே போனால் கெடுதல் பன்மடங்கு.

பத்து முறை ஓட்டி வீடு போய்ச் சேர்ந்தவரிடம் இதையெல்லாம் எடுத்துச் சொன்னால் எடுபடாது. தப்பித்த ஒவ்வொரு இரவும் அவருக்கு ஒரு சான்றிதழ்.

ஜாலிக்காகப் போதை எடுப்பவர்களைப் பற்றி மட்டும் பேசினால் பாதி உண்மைதான் வரும். இந்த வட்டாரத்தில் நான் அதிகம் கவலைப்படுவது மற்ற பாதியைப் பற்றி. ஈரத் தோலைத் தூக்கிப் போட்டு முதுகு போனவருக்கு வலி மாத்திரை. கடன்காரர் நினைப்பில் தூக்கம் வராதவருக்குத் தூக்க மாத்திரை. இரவெல்லாம் ஸ்டியரிங்கைப் பிடிக்கும் லாரிக்காரருக்கு விழித்திருக்க ஒன்று, பிறகு படுக்க இன்னொன்று. இவர்கள் யாரும் தங்களைப் போதையில் ஓட்டுபவராக எண்ணுவதில்லை, 'மருந்துதானே' என்கிறார்கள். மனச்சோர்வும் பதற்றமும் உள்ளவர்கள் தாங்களே வைத்தியம் பார்த்துக்கொள்வது போதையில் ஓட்டுவதற்கான முக்கியமான உளவியல் காரணிகளில் ஒன்று. டிரமடால் என்ற வலி மாத்திரையை 2018இலேயே போதைப்பொருள் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தார்கள். டேபென்டடால் என்ற இன்னொரு வலி மாத்திரையை மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கவே கூடாது. இரவு போட்ட தூக்க மாத்திரையின் மிச்சம் காலை 6 மணி ஷிப்டுக்குக் கிளம்பும்போதும் உடம்பில் இருக்கும். ஜலதோஷத்துக்கும் அரிப்புக்கும் வீட்டில் எடுத்துக் கொடுக்கும் அவில்கூடத் தூக்கம் வரவைப்பதுதான். மருந்துக் கடையில் 'இதைப் போட்டுட்டு வண்டி ஓட்டலாமா?' என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ஆனால் மனநல மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரையை இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு நிறுத்திவிட வேண்டாம். நிறுத்துவதும் ஆபத்து, அவரிடமே கேட்டு நேரத்தையோ அளவையோ மாற்றிக்கொள்ளலாம்.

விருப்பமே இல்லாமல் மயங்குபவர்களும் உண்டு. ஷூ கம்பெனிகளில் ஒட்டுவதற்குப் பயன்படும் சொல்யூஷன்கள் பலவற்றில் டொலுயின் என்ற ரசாயனம் இருக்கிறது. காற்றோட்டமில்லாத கூடத்தில் அதை முகர்ந்துகொண்டே வேலை செய்தால் தலைவலி, கிறுகிறுப்பு வரும், கை கால் மந்தமாகும். அந்தத் தலையோடுதான் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பைபாஸில் ஏறுகிறார்கள். பிள்ளைகள் போதைக்காக முகர்வதும் இதே டொலுயினைத்தான். எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பில், பெரியவர்களைவிட 10 முதல் 17 வயதுப் பிள்ளைகளிடம் அதிகமாகக் காணப்பட்ட ஒரே போதை வகை இப்படி முகரும் வகைதான்: பெரியவர்களில் 0.58 சதவீதம், பிள்ளைகளில் 1.17 சதவீதம். புகையை வெளியே இழுக்கும் விசிறியும் தகுந்த முகக்கவசமும் கேட்பது தொழிலாளியின் உரிமை. நிர்வாகம் தராவிட்டால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தில் புகார் கொடுக்கலாம்.

பிடிபட்டவருக்கும் உரிமைகள் இருக்கின்றன. 185ஆம் பிரிவில் கைதானவரை 2 மணி நேரத்துக்குள் பதிவுபெற்ற மருத்துவர் பரிசோதிக்க வேண்டும். தவறினால் காவலிலிருந்து விடுவிக்க வேண்டும் என்கிறது 202ஆம் பிரிவு. போதைப்பொருளுக்கு ஆல்கஹாலைப் போல இத்தனை மில்லி கிராம் என்ற வரம்பு சட்டத்தில் இல்லை என்பதால், மருத்துவர் என்ன எழுதுகிறார், ரத்த மாதிரி என்ன சொல்கிறது என்பவைதான் வழக்கைத் தீர்மானிக்கும். 'ரத்தம் கொடுக்க மாட்டேன்' என்று காரணமின்றி மறுத்தால், அந்த மறுப்பையே உங்களுக்கு எதிரான சான்றாக நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2004 முதலே சாலையோரத்தில் எச்சிலைச் சோதித்துக் கஞ்சாவைக் கண்டுபிடிக்கிறார்கள். நம் சோதனைச் சாவடிகளுக்கும் அது வந்தாக வேண்டும்.

கம்பெனி வேன் ஒப்பந்ததாரர்களும் லாரி முதலாளிகளும் 188ஆம் பிரிவைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. 185ஆம் பிரிவுக் குற்றத்துக்குத் தூண்டியவருக்கும் உடந்தையாக இருந்தவருக்கும் ஓட்டியவருக்கு உள்ள அதே தண்டனை உண்டு. டிரைவர் கண் சொருகி நிற்பது தெரிந்தும் 'ஒரு நடை போயிட்டு வந்து படுத்துக்க' என்று அனுப்புபவர் இந்தப் பிரிவுக்கு வெகு தூரத்தில் இல்லை. பணத்திலும் இழப்பு உண்டு. ஓட்டுநர் போதையில் இருந்தார் என்றால், வண்டிச் சேதத்துக்கான காப்பீட்டுத் தொகையை நிறுவனம் மறுக்கலாம். சோதனை அறிக்கை இல்லாவிட்டாலும் சூழ்நிலைச் சான்றுகளை வைத்தே மறுக்க முடியும் என்று 2021இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அடிபட்ட மூன்றாம் நபருக்கோ பல வழக்குகளில் 'முதலில் நீ கொடு, பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்' என்று காப்பீட்டு நிறுவனத்துக்கு நீதிமன்றங்கள் உத்தரவிட்டிருக்கின்றன. உயிர் போனால் விஷயம் இன்னும் கடுமை. 2006இல் மும்பை பாந்த்ராவில் நடைபாதையில் தூங்கியவர்கள் மீது குடிபோதையில் கார் ஏற்றி 7 பேர் சாகக் காரணமானவர் வழக்கில், அதை வெறும் கவனக்குறைவாக 2012இல் உச்ச நீதிமன்றம் பார்க்கவில்லை. விளைவு தெரிந்தே ஏற்படுத்திய மரணம் என்றே பார்த்தது.

அடிபட்டவர்களுக்குச் சில நடைமுறைச் செய்திகள். 2021இல் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு, பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனையிலும் கட்டணமில்லை. தூக்கிக்கொண்டு போய்ச் சேர்ப்பவரை மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு பாதுகாக்கிறது. பெயர் சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. இழப்பீட்டு மனுவை 6 மாதத்துக்குள் தீர்ப்பாயத்தில் போட்டுவிடுங்கள். ஓட்டியவர் போதையில் இருந்ததாகச் சந்தேகம் இருந்தால், ரத்தப் பரிசோதனை கேட்டு அன்றைக்கே போலீசில் எழுதிக் கொடுங்கள். நாள் போனால் ரத்தத்தில் தடயம் கரைந்துவிடும்.

போதைப் பழக்கத்தில் சிக்கியவர் மருத்துவமனைக்குப் போகத் தயங்குவதற்குப் பெரிய காரணம், போனால் போலீசில் பிடித்துக் கொடுத்துவிடுவார்களோ என்ற பயம். பயப்பட வேண்டாம். 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு, அரசு மருத்துவமனையிலோ அரசு அங்கீகரித்த நிலையத்திலோ தானாக முன்வந்து சிகிச்சை பெறுபவருக்கு, உட்கொண்டதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்குத் தொடுப்பதிலிருந்து விலக்கு அளிக்கிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் விலக்கும் போய்விடலாம் என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். வேலூரில் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையம் 1957 முதல் இயங்குகிறது.

ஷூ கம்பெனி நிர்வாகங்களிடம் ஒரு வேண்டுகோள். 'இன்னிக்கு என்னால வண்டி எடுக்க முடியாது சார்' என்று டிரைவர் சொன்னால், காரணம் கேட்காமல், அன்றைய கூலியில் பிடித்தம் செய்யாமல் மாற்று டிரைவரை அனுப்புங்கள். வேன் ஒப்பந்தத்திலேயே அதை எழுதிவிடுங்கள். வேனில் ஏறும் பெண்களும் டிரைவரின் பேச்சு குழறினாலோ வண்டி தள்ளாடினாலோ இறங்கிக்கொண்டு சூப்பர்வைசருக்குப் போன் செய்யத் தயங்க வேண்டாம். போதை மீட்பு ஆலோசனைக்கு 14446, மன உளைச்சலுக்கு 14416, ஆம்புலன்சுக்கு 108. இந்த மூன்று எண்களையும் வேனுக்குள் எல்லார் கண்ணிலும் படும்படி ஒட்டிவையுங்கள்.