எடை முள் அசையாமல் நிற்கும்போது



பசியைக் குறைக்கும் ஊசி மருந்துகளைப் பற்றி இப்போது ஆலய முற்றத்தில்கூடப் பேச்சு அடிபடுகிறது. 2025 மார்ச் மாதத்தில் மவுன்ஜாரோவும் ஜூன் மாதத்தில் வீகோவியும் நம் நாட்டில் விற்பனைக்கு வந்தன. வாரம் ஒருமுறை தோலுக்கடியில் போட்டுக்கொள்ளும் இவற்றால் பலர் இளைத்திருக்கிறார்கள். ஆனால் சில மாதங்களுக்குப் பின், "எடை அப்படியே நின்றுவிட்டதே, மருந்து வேலை செய்யவில்லையோ?" என்று அநேகர் மனம் சோர்ந்துபோகிறார்கள். அவர்களுக்காகவும், அவர்களைத் தாங்க வேண்டிய நமக்காகவும் இந்த விளக்கம்.

தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் இயக்கும் ஒரு சகோதரரை உதாரணமாக எண்ணிக்கொள்வோம். அவருடைய தாத்தா சங்கு குளித்தவர். மூச்சை அடக்கிக் கடலில் இறங்கி ஏறியவர். பேரனோ எட்டு மணி நேரம் உட்கார்ந்தே வேலை செய்கிறார். எடை 100 கிலோ. சர்க்கரை வியாதியும் உண்டு. வைத்தியர் ஊசி எழுதிக் கொடுத்தார். ஓராண்டில் 88 கிலோவுக்கு வந்தார். அதன்பின் மூன்று மாதமாக முள் அசையவில்லை. "பணம்தான் வீண்" என்று ஊசியை நிறுத்திவிட நினைக்கிறார். ஆபத்து இங்கேதான் இருக்கிறது.

ஏன் நிற்கிறது?

நம்முடைய சரீரம் பஞ்சத்தைத் தாங்கும்படி அமைந்திருக்கிறது. 1876-78-ல் வந்த தாது வருஷப் பஞ்சம் போன்ற காலங்களில் அதுவே உயிரைக் காத்தது. எடை குறைந்தால் "பஞ்சம் வந்துவிட்டது" என்றே சரீரம் எண்ணும். உடனே செலவைக் குறைத்துப் பசியைக் கூட்டும். அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1944-45-ல் 36 வாலிபர்கள் ஆறு மாதம் அரைவயிற்று உணவில் இருந்தார்கள். போரில் ஆயுதம் எடுக்க மனச்சாட்சி இடங்கொடாமல், பஞ்சத்தில் வாடும் மக்களுக்கு உதவும் ஆராய்ச்சிக்குத் தங்களை ஒப்புக்கொடுத்தவர்கள் அவர்கள். எடையில் ஏறக்குறைய கால் பங்கு குறைந்தபோது, சரீரம் ஓய்வில் செலவழிக்கும் சக்தி சுமார் 40 சதவீதம் குறைந்துபோயிருந்தது.

நம் சகோதரருக்கும் சிறிய அளவில் இதுவே நடக்கிறது. ஒரு கிலோ குறைந்தால் நாள் ஒன்றுக்குச் செலவாகும் சக்தி 20 முதல் 30 கலோரி குறைகிறது. பசியோ சுமார் 100 கலோரி அளவுக்குக் கூடுகிறது. 12 கிலோ இறங்கிய அவருக்குச் செலவில் மட்டும் ஏறக்குறைய 300 கலோரி குறைவு. அது ஒரு பரோட்டாவும் கொஞ்சம் சால்னாவும். கூடிய பசியை மருந்து அமுக்கிப் பிடித்திருக்கிறது. இழுப்பும் பிடிப்பும் சமமாகும் இடத்தில் எடை நிற்கிறது.

நீரோட்டத்தில் நங்கூரமிட்ட தோணியை நினைத்துப் பாருங்கள். "தோணி நகரவில்லையே" என்று நங்கூரத்தைத் தூக்கினால் வந்த இடத்துக்கே அடித்துக்கொண்டு போய்விடும். 2021-ல் வெளியான செமாகுளுடைடு ஆய்வில் 1,961 பேர் கலந்துகொண்டார்கள். மருந்து எடுத்தவர்களுக்கு 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீத எடை குறைந்தது. முடிவை நெருங்கும்போது அவர்களுக்கும் எடை இறங்குவது நின்றது. பின்பு மருந்தை நிறுத்தியவர்களுக்கு, இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஒரே வருஷத்தில் திரும்பிவிட்டது. சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்குப் பொதுவாக இறங்கும் எடையே சற்றுக் குறைவுதான்.

என்ன செய்யலாம்?

முதலாவது, பொறுமை. இரண்டு மூன்று வாரம் முள் அசையாதிருப்பது தடையல்ல. உப்பு, நீர், மலச்சிக்கல் இவைகூட எடையை மாற்றும். இடுப்புச் சுற்றளவையும் அளந்து பாருங்கள்.

இரண்டாவது, உண்பதை ஒரு வாரம் உள்ளபடி எழுதி வையுங்கள். சீனி போட்ட டீ, மாலை வடை, ஒரே ஒரு மக்ரூன் என்று சிறுகச் சேருவது அப்போது தெரியும்.

மூன்றாவது, தசையைக் காத்துக்கொள்ளுங்கள். இளைக்கும்போது கொழுப்புடன் தசையும் கரைகிறது. நம் கரையில் அதற்கு நல்ல உணவு உண்டு. சாளை, நெத்திலி, சீலா எதுவானாலும் 100 கிராம் மீனில் சுமார் 20 கிராம் புரதம் இருக்கிறது. பொரிப்பதைவிடக் குழம்பு நல்லது. கருவாட்டில் உப்பு அதிகம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் வைத்தியரைக் கேட்டே புரதத்தைக் கூட்டவேண்டும். வாரம் 150 நிமிடம் நடப்பதுடன், நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவது போன்ற பயிற்சியும் வேண்டும்.

நான்காவது, வைத்தியரிடம் திரும்பிப் போங்கள். ஊசியின் அளவு இன்னும் கூட்டப்பட வேண்டியதாக இருக்கலாம். தைராய்டு குறைவு, தூக்கக் கெடுதி, ஸ்டீராய்டு, இன்சுலின், சில சர்க்கரை மாத்திரைகள் இவையும் எடையைப் பிடித்துவைக்கும்.

தாமாக அளவைக் கூட்டுவதும், வேறு இளைப்பு மாத்திரைகளைச் சேர்த்து விழுங்குவதும் கூடாது. முன்பு பேர்பெற்ற சிபுட்ரமின் மாத்திரை இருதயத்துக்குத் தீங்கென்று 2011-ல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டதை மறக்கவேண்டாம். கடுமையான வயிற்றுவலியோ ஓயாத வாந்தியோ வந்தால் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். இந்த ஊசியோடு சர்க்கரை மாத்திரையும் எடுப்பவர்கள், லெந்து நாட்களில் உபவாசம் இருக்குமுன் வைத்தியரிடம் சொல்லவேண்டும். சர்க்கரை திடீரென இறங்கிவிடக்கூடும்.

எடை 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே சர்க்கரையும் இரத்த அழுத்தமும் இறங்குவதைக் காணலாம். நம் சகோதரர் 12 சதவீதம் குறைத்துவிட்டார். இனி முள் இறங்காவிட்டாலும், ஏறாமல் காப்பதே அவருக்குப் பெரிய ஆதாயம்.

அவருக்கு நாமும் ஒரு உதவி செய்யலாம். "இவருக்கு வாய்க்கட்டு இல்லை" என்று சொல்லாதிருப்போம். அவர் போராடுவது தம் சரீரத்தின் பழைய பஞ்ச பயத்தோடு. அடுத்த அசன விருந்தில் அவர் "போதும்" என்று கை காட்டும்போது, "இன்னும் ஒரு கரண்டி" என்று வற்புறுத்தாமல் விடுவோம்.