உழவர் குழுக்களில் விவாதம் நடத்துவது எப்படி?

"நட்டு இருபது நாளாச்சு. பயிர் மஞ்சளா நிக்குது. என்ன பண்ணலாம்?"

உழவர் குழு கூடுகிற இடங்களில் அடிக்கடி எழும் கேள்வி இது. கேட்டவர் வாய் மூடுமுன் ஒருவர் யூரியா போடு என்பார். இன்னொருவர் மருந்து அடிக்கச் சொல்வார். மூன்றாமவர், "போன சம்பாவில் இவர் பேச்சைக் கேட்டவன் கதி தெரியாதா?" என்று பழைய கணக்கைத் திறப்பார். அதற்குப் பின் பேச்சு வயலை விட்டு வரப்புத் தகராறு, வாய்க்கால் தகராறு என்று போய்விடும். கேள்வி கேட்டவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மருந்துக் கடைக்கு நடப்பார். கடையில் கொடுத்ததை வாங்கி அடிப்பார். அடுத்த வாரம் கூட்டத்திற்கு வரமாட்டார்.

அவருடைய பயிருக்கு வேண்டியிருந்தது ஏக்கருக்கு 10 கிலோ சிங்க் சல்பேட்டாக இருந்திருக்கலாம். அது தெரிந்த ஒருவர் பின்வரிசையில் உட்கார்ந்தும் இருந்திருக்கலாம். அந்தச் சத்தத்தில் அவர் வாய் திறந்திருக்க மாட்டார்.

கூடிப் பேசுவதால் என்ன பயன் என்று கேட்பவர்கள் உண்டு. 1956-ம் ஆண்டில் யுனெஸ்கோ துணையுடன் அகில இந்திய வானொலி புனே வட்டாரத்தில் ஒரு சோதனை நடத்திற்று. 150 கிராமங்களில் வானொலி கேட்போர் குழுக்கள் அமைக்கப்பட்டன. பத்து வாரங்களில் 20 நிகழ்ச்சிகள் ஒலிபரப்பாயின. நிகழ்ச்சி முடிந்ததும் குழுவினர் அதைப் பற்றி விவாதிப்பார்கள். குழுவின் அமைப்பாளர் சந்தேகங்களை எழுதி வானொலிக்கு அனுப்புவார். இதை ஆராய்ந்த பால் நியூராத், வானொலிப் பெட்டி மட்டும் இருந்து குழு இல்லாத கிராமங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார். குழு இருந்த கிராமங்களில் மக்களின் விஷய ஞானம் வெகுவாகக் கூடியிருந்தது. பெட்டி மட்டும் இருந்த கிராமங்களில் அந்த அளவு முன்னேற்றம் இல்லை. கேட்டது ஒரே நிகழ்ச்சிதான்.

ஆனால் கூட்டம் கூடிவிட்டால் மட்டும் போதாது. அதை நடத்துகிற விதம் ஒன்று உண்டு. அதற்கு நல்ல முன்மாதிரி இந்தோனேசியாவில் கிடைக்கிறது.

1986-ல் அந்த நாட்டில் நெற்பயிரைப் புகையான் பெருமளவில் தாக்கிற்று. கண்டபடி மருந்து அடித்ததில் புகையானைத் தின்னும் சிலந்திகளும் மிரிட் நாவாய்ப் பூச்சிகளும் மடிந்துபோக, புகையான் மேலும் பல்கியது. அதே ஆண்டில் அரசாங்கம் 57 பெயர்களில் விற்ற பூச்சி மருந்துகளை நெல்லுக்கு அடிக்கக் கூடாது என்று தடை செய்தது. 1989-ல் ஐ.நா. உணவு விவசாய நிறுவனத்தின் உதவியுடன் உழவர் வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கப்பட்டன. பின்னர் அந்த முறை இந்தியாவுக்கும் வந்தது. தமிழ்நாட்டிலும் வேளாண்மைத் துறை இத்தகைய பள்ளிகளை நடத்தியிருக்கிறது.

இந்தப் பள்ளிக்குக் கட்டடம் கிடையாது. சுமார் 25 விவசாயிகள் நடவு முதல் அறுவடை வரை வாரம் ஒரு நாள் காலையில் வயலில் கூடுவார்கள். ஐந்து ஐந்து பேராகப் பிரிந்து வயலில் இறங்கிச் சில குத்துகளைத் தூரடி முதல் நுனி வரை பார்ப்பார்கள். எத்தனை தூர், என்ன பூச்சி, எத்தனை சிலந்தி, தண்ணீர் எவ்வளவு என்று எண்ணிக் குறிப்பார்கள். கரையேறியதும் ஒரு பெரிய தாளில் பயிரை வரைந்து, ஒரு பக்கம் தீமை செய்யும் பூச்சிகளையும் மறுபக்கம் நன்மை செய்யும் பூச்சிகளையும் வரைவார்கள். பிறகுதான் பேச்சு. பேசுகிறவர் தாளைக் காட்டித்தான் பேச வேண்டும். மற்றவர்கள் தாளைப் பார்த்துத்தான் கேள்வி கேட்க வேண்டும். ஆளுக்கு ஆள் முறைத்துக்கொள்ள வாய்ப்பு அங்கே குறைவு.

பள்ளியை நடத்துகிறவர் பதில் சொல்வதில் அவசரப்பட மாட்டார். ஒருவர் ஒரு பூச்சியைக் கொண்டுவந்து "இது என்ன?" என்றால் பெயரைச் சொல்லிவிடுவதில்லை. "எங்கே பிடித்தீர்கள்? என்ன செய்துகொண்டிருந்தது? நிறைய இருந்ததா?" என்று திருப்பிக் கேட்பார். இது இலையைத் தின்கிறது என்று ஒருவரும், இல்லை, பூச்சியைத் தின்கிறது என்று மற்றொருவரும் சாதித்தால், அந்தப் பூச்சியை ஒரு நெற்பயிருடனும் சில புகையான்களுடனும் சேர்த்து வலைத்துணி கட்டி மூடி வைப்பார்கள். சில நாளில் பூச்சியே பதில் சொல்லிவிடும். தோற்றவர் யாரிடம் தோற்றார்? பூச்சியிடம். அதில் யாருக்கும் மானக்கேடு இல்லை.

நம் ஊர்க் குழுக்களில் இதை அப்படியே செய்ய வசதி இல்லாமல் போகலாம். ஆனால் முதலில் பார்த்ததைச் சொல்வது, கருத்தைப் பிறகு சொல்வது என்ற வரிசையை எந்தக் குழுவிலும் வைத்துக்கொள்ளலாம். மஞ்சள் பயிரையே எடுத்துக்கொள்வோம். மஞ்சள் என்று மட்டும் சொன்னால் எந்த நிபுணராலும் பதில் சொல்ல முடியாது. அடியிலுள்ள முதிர்ந்த இலைகள் முதலில் வெளுத்தால் தழைச்சத்துக் குறைவாக இருக்கலாம். நட்ட இரண்டு முதல் நான்கு வாரத்திற்குள் திட்டுத்திட்டாகப் பயிர் குட்டையாகி, இளம் இலையின் நடுநரம்பு அடியில் வெளுத்து, கீழ் இலைகளில் துரு நிறப் புள்ளிகள் தோன்றினால் துத்தநாகக் குறைவைச் சந்தேகிக்க வேண்டும். பச்சைத் தத்துப்பூச்சியும் இருந்து, இலை ஆரஞ்சு நிறம் கொண்டால் துங்ரோ நோயாக இருக்கலாம். ஆகவே அமைப்பாளர் யாரையும் பேச விடுமுன், என்ன ரகம், நட்டு எத்தனை நாள், எந்த இலை, வயல் முழுவதுமா திட்டாகவா, இதுவரை போட்டது என்ன என்று கேட்டுவிட வேண்டும். ஒரு குத்தைப் பிடுங்கிக் கொண்டுவரச் சொன்னால் பாதி வாக்குவாதம் அங்கேயே அடங்கிவிடும். கைபேசியில் இலைப் படம் அனுப்பிக் கேட்கும் குழுக்களுக்கும் இதே விதிதான். விவரமில்லாத படத்திற்கு ஆளுக்கொரு மருந்து சொல்வது பெரும் தீங்கு.

மரியாதை காப்பது என்றால் தவறான யோசனையைக் கேட்டும் கேளாமல் இருப்பது என்று சில அமைப்பாளர்கள் எண்ணிவிடுகிறார்கள். இது சரியல்ல. இரண்டு மருந்துகளைக் கலந்து அடி, சிபாரிசு அளவுக்கு மேல் ஊற்று, அறுவடை நெருங்கும்போதும் அடி என்று ஒருவர் சொன்னால், அவர் ஊர்ப் பெரியவரே ஆனாலும், அந்தக் கூட்டம் கலையுமுன் திருத்தப்பட வேண்டும். திருத்த வேண்டியது அளவை. அவருடைய வயதையோ படிப்பையோ இழுக்க வேண்டியதில்லை. மருந்தோ விதையோ விற்கிறவர் குழுவில் இருந்தால், தாம் விற்பவர் என்பதைச் சொல்லிவிட்டே யோசனை கூற வேண்டும்.

குரலை உயர்த்துகிறவரைக் கூட்டத்தின் நடுவே கண்டித்தால் வீம்பு ஏறும். கூட்டம் முடிந்தபின் தனியே சொன்னால் பெரும்பாலும் கேட்டுக்கொள்வார். ஆனால் சாதியைச் சொல்லியோ, "அரை ஏக்கர் குத்தகைக்காரனுக்கு என்ன தெரியும்" என்றோ ஒருவர் பேசினால் அங்கே தனிமைக்குக் காத்திருக்கலாகாது. பேச்சை அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். இதற்குத் துணிவில்லாத அமைப்பாளரின் குழுவில் நான்கைந்து பெரிய நிலக்காரர்கள்தான் மிஞ்சுவார்கள். புகையான் தூரடியில், தண்ணீருக்குச் சற்று மேலே இருப்பது. குனிந்து களை எடுக்கிற பெண்கள் கண்ணில் அது முதலில் படக்கூடும். அவர்களைப் பெயர் சொல்லி அழைத்துக் கேட்கிற வழக்கம் எத்தனை குழுக்களில் இருக்கிறது?

மாமா யூரியா என்கிறார், தம்பி சிங்க் சல்பேட் என்கிறார், இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை என்றால், பாதிப்பு உள்ள இடத்தில் வரப்புக் கட்டி மூன்று சிறு பாத்திகள் பிரிக்கலாம். ஒன்றில் மாமா சொன்னது, ஒன்றில் தம்பி சொன்னது, ஒன்றில் எதுவும் போடாமல் விடுவது. ஒன்றின் தண்ணீர் மற்றொன்றில் பாயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். 1990-களில் வியட்நாமின் மேகாங் சமவெளியில், நெல்லுக்கு முதல் 40 நாள் பூச்சி மருந்து தேவையா என்ற கேள்வியை விவசாயிகள் இப்படித்தான் தங்கள் வயலிலேயே ஒரு பகுதியை மருந்தில்லாமல் விட்டுச் சோதித்தார்கள். விளைச்சல் குறையவில்லை என்று கண்டபின் மருந்தைக் குறைத்தார்கள்.

குழுவுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் அவசியம். யார் என்ன கேட்டார், என்ன யோசனை சொல்லப்பட்டது என்று தேதியுடன் எழுதி, அடுத்த கூட்டத்தில் முதல் வேலையாக அதைப் படிக்க வேண்டும். சிங்க் சல்பேட் போட்ட பாத்தியில் பயிர் பச்சை திரும்பிற்றா என்பதை வயல்காரரே எழுந்து சொல்ல வேண்டும். திரும்பவில்லை என்றால் அதுவும் நோட்டில் ஏற வேண்டும்.